மருதோன்றிக்கு முன்னர் புரதச் சிகிச்சை: சேதமுற்ற கூந்தலுக்கு எது உதவும்?

பெருநாள்களும் திருமண வைபவங்களும் நெருங்கி வரும் காலங்களில் எமது ஊர்க் கடைகளில் மருதோன்றித் தூள் பொதிகளுக்குத் தனிக் கிராக்கி ஏற்படுவது வழமை. கைகளுக்கும் பாதங்களுக்கும் மட்டுமன்றி, நரைத்த தலைமுடிக்கும் தாடிக்கும் நிறமூட்டுவதற்காகவும் இத்தூள் வாங்கப்படுகின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் போது ரூபாவின் பெறுமதி வீழ்ச்சியடைந்து, இறக்குமதியாகும் சாயங்களின் விலை ஏறியமையும் இயற்கைச் சாயத்தின் மீது ஒரு கண்ணை வைக்கச் செய்தது எனலாம்.

இவ்வாறு மருதோன்றியின் பக்கம் வருபவர்களில் ஒரு சாரார், ஏற்கனவே பல தடவை பிளீச் செய்தும் இரசாயனச் சாயம் பூசியும் ரீபொண்டிங் மூலம் நேராக்கியும் தமது கூந்தலைப் பழுதாக்கிக் கொண்டவர்கள். இவர்களுக்கு அழகுக்கலை நிலையங்களில் கூறப்படும் ஆலோசனை ஒன்று உண்டு. முதலில் புரதச் சிகிச்சை, அதன் பின்னரே மருதோன்றி என்பதே அது. இந்த ஆலோசனையில் உண்மை இருக்கின்றது. ஆயினும் அதில் விஞ்ஞானம் எவ்வளவு, விற்பனைப் பேச்சு எவ்வளவு என்பதை அறியாமல் பணத்தைச் செலவிடுவோர் ஏமாற்றமடைவது ஒருபுறமிருக்க, உடல்நலத்திற்கும் கேடு தேடிக்கொள்ளக்கூடும் என்பதனாலேயே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்க விரும்புகின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. உயிருள்ள பகுதி தலைத்தோலின் உள்ளே இருக்கும் வேரில் மாத்திரமே உள்ளது. முடி மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்கின்றது. ஆகவே இடுப்பளவு கூந்தலை உடைய ஒரு பெண்ணின் முடி நுனி ஐந்தாறு வருடங்களுக்கு முன்னர் முளைத்ததாகும். அத்தனை வருட வெயிலும் சீப்பும் சவர்க்காரமும் அந்நுனியில் பதிவாகியிருக்கும். காயம்பட்ட தோல் ஆறுவதைப் போன்று முடி ஆறுவதில்லை. எனவே சேதத்தை முற்றாகக் "குணப்படுத்தும்" என எந்தப் போத்தலில் அச்சிடப்பட்டிருந்தாலும் அது மிகைப்படுத்தலே அன்றி வேறில்லை.

முடியின் பெரும்பகுதி கெரட்டின் எனும் புரதத்தினால் ஆனது. மேற்புறத்தில் கூரை ஓடுகளைப் போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட செதில்களும், அவற்றினுள்ளே முடிக்குப் பலத்தைத் தரும் நார் போன்ற உட்பகுதியும் உள்ளன. செதில்களின் வெளிப்புறத்தில் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. நீர் எளிதில் உட்புகாமல் தடுப்பதும், முடிக்கு வழுவழுப்பைத் தருவதும் இப்படலமே. உட்பகுதியின் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள்.

பிளீச் செய்யும் போது நடப்பது என்ன? ஐதரசன் பெரொக்சைட்டும் அமோனியா போன்ற காரமும் சேர்ந்து முடியின் இயற்கை நிறத்தை ஒட்சியேற்றி அழிக்கின்றன. நிறம் மட்டும் அழிவதில்லை. வெளிப்புறக் கொழுப்புப் படலம் கழன்று போகின்றது. கந்தகப் பிணைப்புகளில் ஒரு பகுதி மீளாத வகையில் உடைகின்றது. செதில்கள் மேலெழுந்து உதிர்கின்றன. அதன் பின்னர் முடி கடற்பஞ்சு போல நீரை உறிஞ்சும். உலரவோ நேரமெடுக்கும். நனைந்த நிலையில் அதனை இழுத்தால் மென்பசை போல நீண்டு, திரும்பிச் சுருங்காமல் அறுந்துவிடும். நல்ல நிலையிலுள்ள முடியும் நனைந்தால் சிறிது நீளத்தான் செய்யும், ஆனால் விட்டதும் பழைய நீளத்திற்கு மீளும். தமது கூந்தல் எந்த நிலையில் உள்ளது என்பதை அறிய விரும்புபவர்களுக்கு இந்தச் சிறு சோதனையே போதுமானது. இதற்கெனக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

இத்தகைய முடிக்குத்தான் புரதச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகின்றது. கம்பளி, இறகு, கொம்பு போன்றவற்றிலிருந்து பெறப்படும் கெரட்டினோ, கோதுமை, சோயா, பட்டு ஆகியவற்றின் புரதமோ நீர்ப்பகுப்பின் மூலம் சிறு துண்டுகளாக உடைக்கப்பட்டு இப்பூச்சுகளில் சேர்க்கப்படுகின்றது. பொதியின் பின்புறத்தில் "ஹைட்ரோலைஸ்ட்" என்ற சொல்லுடன் காணப்படுவது இதுவே. மிகச் சிறிய துண்டுகள் சேதமுற்ற முடியின் இடைவெளிகளுக்குள் புகுகின்றன. பெரியவை மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. பிளீச் செய்யப்பட்ட முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் அதிகரித்திருப்பதனால், நேர்மின்னேற்றம் கொண்ட புரதத் துண்டுகள் நல்ல முடியிலும் பார்க்கச் சேதமுற்ற முடியிலேயே கூடுதலாகப் படிகின்றன. சுவரின் வெடிப்பில் சாந்து பூசுவதைப் போன்றதே இது. சுவர் புதிதாகி விடுவதில்லை, ஆனால் சிறிது காலம் தாக்குப்பிடிக்கும். சில தடவைகள் தலை முழுகியதும் இப்புரதம் படிப்படியாகக் கழுவப்பட்டு விடும் என்பதையும் மறக்கலாகாது.

இனி மருதோன்றிக்கு வருவோம். மருதாணி எனவும் அழைக்கப்படும் இச்செடியின் இலையில் லோசோன் எனும் நிறப்பொருள் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வீதம் வரை காணப்படுகின்றது. இலைத்தூளை நீரில் குழைத்துச் சிறிது புளிப்புச் சேர்த்துச் சில மணி நேரம் வைத்திருக்கும் போது நிறப்பொருள் மெல்ல வெளிவருகின்றது. இது முடியின் மேல் வண்ணப்பூச்சைப் போல அமர்ந்திருப்பதில்லை. கெரட்டின் புரதத்தின் அமினோ கூட்டங்களுடன் இரசாயன ரீதியாகப் பிணைந்து கொள்கின்றது. மருதோன்றியின் நிறம் எளிதில் போகாமைக்குக் காரணம் இதுவே. கையில் இட்ட மருதோன்றி தோல் உதிரும் வரையும், தலைமுடியில் இட்டது முடி வெட்டப்படும் வரையும் ஏதோ ஒரு அளவில் நிலைத்திருக்கின்றது.

இங்குதான் எமது கேள்விக்கான விடை இருக்கின்றது. லோசோன் புரதத்தைத் தேடிப் பிணைவது. அது முடியின் சொந்தப் புரதமா, நேற்றுப் பூசிய புரதமா என்று பாகுபாடு பார்ப்பதில்லை. புரதச் சிகிச்சை செய்த கையோடு, அல்லது அதே தினத்தில், மருதோன்றியைப் பூசினால் நிறப்பொருளில் ஒரு பகுதி மேற்பரப்பில் தற்காலிகமாகப் படிந்துள்ள புரதத்துடன் சேர்ந்துவிடும். அப்புரதம் கழுவுப்படும் போது நிறமும் கூடவே போகும். அதனுடன், இத்தகைய பூச்சுகளில் புரதம் மட்டும் இருப்பதில்லை. வழுவழுப்புக்காகச் சேர்க்கப்படும் சிலிக்கோன் போன்றவையும் இருக்கின்றன. அவை சாயம் உட்செல்வதற்குத் தடையாகின்றன. ஆகவே புரதச் சிகிச்சையை மருதோன்றிக்கு முன்னர் செய்வது சரி, ஆனால் உடனடியாக முன்னர் செய்வது சரியன்று. இரண்டுக்கும் இடையில் ஒரு வாரமளவு இடைவெளியும், சாயமிடும் தினத்தில் எண்ணெயோ கண்டிஷனரோ இன்றி ஷாம்புவினால் நன்கு கழுவிய முடியும் வேண்டும். ஒரே அமர்வில் இரண்டையும் செய்து தருவதாகக் கூறும் நிலையங்கள் வாடிக்கையாளரின் நேரத்தை மிச்சப்படுத்துகின்றனவே தவிர, நிறத்தையன்று.

அப்படியாயின் புரதச் சிகிச்சையால் பயன் என்ன எனக் கேட்கலாம். மருதோன்றிக் குழையல் கனமானது. அதனைத் தலையில் அப்பி, இரண்டு முதல் நான்கு மணி நேரம் வைத்திருந்து, பின்னர் பல தடவை அலசி மண்போன்ற தூளை வெளியேற்ற வேண்டும். நனைந்த நிலையில் பலவீனமாக இருக்கும் முடிக்கு இது பெரும் சோதனை. சாயமிட்ட பின்னர் முடி கொத்தாகக் கழன்றது என்று மருதோன்றியின் மீது பழி போடுவோரில் பலருக்கு நடந்தது இந்த அலசலின் போதான முறிவே என்று நாம் கருதுகின்றோம். முன்கூட்டியே இரண்டு மூன்று வாரங்களுக்கு வாரமொரு தடவை மிதமான புரதப் பூச்சும், அதனையடுத்து ஈரப்பதம் தரும் கண்டிஷனரும் இட்டு வந்தால் இம்முறிவு குறையும். நிறமும் ஓரளவு சீராக ஏறும். இதற்கு மேல் எதிர்பார்ப்பது வீண்.

அளவுக்கு மிஞ்சினால் என்னவாகும் என்பதையும் கூற வேண்டியுள்ளது. சேதமில்லாத முடிக்கு வாரந்தோறும் கடுமையான புரதச் சிகிச்சை செய்தால் முடி தும்பைப் போல விறைத்து உடையத் தொடங்கும். மருதோன்றியும் தன் பங்கிற்கு முடியைச் சற்று விறைப்பாக்குவது. இரண்டு விறைப்பும் சேரும் போது நன்மையை விடத் தீமையே மிகும். பிளீச், ரீபொண்டிங் எதையும் காணாத கூந்தலை உடையவர்களுக்கு இச்சிகிச்சை தேவையே இல்லை.

எமது வீடுகளில் நெடுங்காலமாக வழங்கி வரும் ஒரு பழக்கம் இவ்விடத்தில் கவனத்திற்குரியது. மருதோன்றிக் குழையலில் முட்டையையும் தயிரையும் சேர்ப்பதே அது. முட்டையில் புரதம் உண்டு, எனவே முடிக்கு நல்லது என்பது வாதம். ஆனால் முட்டை வெண்கருவின் பிரதான புரதத்தின் மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 45,000 டால்டன். முடிக்குள் புகக்கூடிய துண்டுகளோ ஆயிரம் டால்டன் அளவிலானவை. முட்டைப் புரதம் உள்ளே போவதில்லை. மாறாக, கிண்ணத்தினுள் இருக்கும் போதே லோசோன் அதனுடன் பிணைந்து, முடிக்குப் போக வேண்டிய நிறம் முட்டைக்குப் போய்விடுகின்றது. தயிரின் கதையும் அதுவே. புளிப்பு வேண்டுமாயின் சிறிது தேசிக்காய்ச் சாறு போதும். அதுவும் அதிகமானால் முடி வறளும். பலர் செய்வதைப் போலத் தேயிலைச் சாயத்தில் குழைப்பதிலும் தவறில்லை. முட்டையை அடுப்பங்கரைக்கே விட்டுவிடுவது சிக்கனமும்கூட.

தேங்காயெண்ணெய் விடயத்தில் எமது பாட்டிமார் ஓரளவு சரியாகவே இருந்திருக்கின்றனர். 2003 இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட போது, முழுகுவதற்கு முன்னர் பூசிய தேங்காயெண்ணெய் மாத்திரமே முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தமை கண்டறியப்பட்டது. தேங்காயெண்ணெயில் மிகுதியாக உள்ள லோரிக் அமிலத்தின் சிறிய, நேரான மூலக்கூறு முடியின் உள்ளே புகக்கூடியதாக இருப்பதே இதற்கான விளக்கம். விலை உயர்ந்த புரதப் பூச்சை வாங்க வசதியற்றவர்கள், சாயமிடுவதற்கு முந்திய வாரங்களில் ஒவ்வொரு முழுக்குக்கும் முதல்நாள் இரவு தேங்காயெண்ணெய் பூசி வருவது பயனுள்ள மாற்று வழியாகும். புரதத்தைச் சேர்க்காவிட்டாலும் இருக்கும் புரதத்தைக் காக்கும். ஆனால் சாயமிடும் தினத்தில் எண்ணெய் தலையில் இருக்கக்கூடாது.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறைகளின் ஊடாக வருவதனால் வன்னீராகவே உள்ளது. கல்சியம் படிந்த முடியில் புரதமும் சரி, சாயமும் சரி, ஒழுங்காகப் பற்றாது. கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிந்த நீரையோ, மாரியில் சேமித்த மழை நீரையோ இதற்குப் பயன்படுத்துவது நல்லது. நீரில் இரும்புத்தன்மை கூடிய இடங்களில் மருதோன்றியின் செம்மை கருமை கலந்ததாக மாறுவதும் உண்டு.

கருமை வேண்டுவோர் மருதோன்றிக்குப் பின்னர் அவுரி இலைத் தூளைப் பயன்படுத்துகின்றனர். அவுரியின் இயல்பு வேறு. அதற்குப் புளிப்பு ஆகாது. நீரில் குழைத்த சில நிமிடங்களிலேயே பூசிவிட வேண்டும். அதன் நீலநிறம் முடியின் புரதத்துடன் மருதோன்றியைப் போல உறுதியாகப் பிணைவதில்லை. பிளீச் செய்த முடியில் மருதோன்றியின்றி அவுரியை மட்டும் பூசியவர்கள் பச்சை கலந்த நிறத்தைக் கண்டு திகைத்திருக்கின்றனர். பிளீச் செய்த முடியில் மருதோன்றி மட்டும் பூசினாலோ கடுஞ் செம்மஞ்சள் நிறமே கிடைக்கும். சீப்பில் கழன்ற முடியைச் சேர்த்து ஒரு சிறு கற்றையில் முதலில் பரிசோதித்து, இரண்டு நாட்கள் கழித்து அதன் நிறத்தைப் பார்த்த பின்னரே தலையில் கை வைப்பது புத்திசாலித்தனமாகும். மருதோன்றியின் நிறம் காற்றுப்பட்டு முதிர்வதற்கு அவ்வளவு காலம் எடுக்கும்.

இதுவரை கூறியவற்றில் தவறிழைத்தால் நிறம் கெடும், அல்லது முடி உடையும். இனிக் கூறப்போவது அதனினும் பாரதூரமானது.

"கெரட்டின் சிகிச்சை" என்ற பெயரில் சலூன்களில் செய்யப்படுவது அனைத்தும் மேலே கூறிய புரதச் சிகிச்சை அன்று. முடியை நேராக்குவதற்காகப் பூச்சைத் தடவி, சூடான இரும்பினால் அழுத்தும் முறைக்கும் இதே பெயர் வழங்குகின்றது. அதில் வேலை செய்வது கெரட்டின் அல்ல. 2010 இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தொழிற் பாதுகாப்புப் பிரிவினர், போமல்டிஹைட் இல்லை எனக் கூறி விற்கப்பட்ட இத்தகைய பூச்சுகளைப் பரிசோதித்த போது அவற்றில் அது கணிசமான அளவில் இருப்பதைக் கண்டறிந்தனர். போமல்டிஹைட் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையத்தினால் வகைப்படுத்தப்பட்டதாகும். அதற்குப் பதிலாக வந்த கிளையொக்சிலிக் அமிலமும் நிரபராதி அன்று. இவ்வமிலம் கலந்த பூச்சினால் முடியை நேராக்கிய ஓர் இளம் பெண்ணுக்கு 2020, 2021, 2022 ஆகிய மூன்று வருடங்களிலும் ஒவ்வொரு தடவையும் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டமை 2024 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் அறிக்கையிடப்பட்டது. ஆகவே மருதோன்றிக்கு முன்னரான சிகிச்சை என்று எவரேனும் கூறினால், சூடான இரும்பு பயன்படுத்தப்படுமா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். ஆம் என்றால் அது நாம் பேசும் சிகிச்சை அன்று.

இரண்டாவது ஆபத்து "கறுப்பு மருதோன்றி". எந்த மருதோன்றிச் செடியும் கறுப்பு நிறம் தருவதில்லை. அரை மணி நேரத்தில் கருங்கறுப்பைத் தரும் தூளில் பெரும்பாலும் கலந்திருப்பது பரா-பினைலீன்டையமின், சுருக்கமாக பி.பி.டி. எனும் இரசாயனம். ஐரோப்பிய ஒன்றியம் தலைமுடிச் சாயங்களில் இதன் அளவைப் பூசும் நிலையில் 2 வீதத்துக்கு மட்டுப்படுத்தியுள்ளது. தோலில் நேரடியாகப் பூசுவதை அனுமதிப்பதில்லை. அமெரிக்கத் தொடுகை ஒவ்வாமை வைத்திய நிபுணர்கள் சங்கம் 2006 ஆம் ஆண்டின் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக இதனையே அறிவித்தது. ஒரு தடவை கையில் கறுப்பு மருதோன்றி இட்டுக் கொப்புளம் கண்ட சிறுமிக்கு, இருபது வருடங்களின் பின்னர் தலைச்சாயம் பூசும் போது முகமே வீங்கிப் போகலாம். அந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் நீடிக்கக் கூடியது. பொதியில் இலையின் படம் இருப்பது உள்ளே இலை மட்டுமே இருப்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

தூய மருதோன்றியும் எல்லோருக்கும் உகந்ததன்று. ஜி6பிடி எனும் நொதியக் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்கு மருதோன்றி பூசியதன் பின்னர் செங்குருதிக் கலங்கள் சிதைந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பச்சிளம் குழந்தைகளின் தலையிலும் உடலிலும் அதனைப் பூசுவதைத் தவிர்த்தல் வேண்டும்.

முஸ்லிம் வாசகர்கள் புரதப் பூச்சு விடயத்தில் இன்னுமொன்றையும் கவனிக்க விரும்புவர். பொதியில் கொலஜன், ஜெலற்றின் என்றிருந்தால் அது மாடு, மீன், பன்றி ஆகிய எதிலிருந்தும் பெறப்பட்டதாக இருக்கலாம். மூலம் எதுவெனப் பெரும்பாலான பொதிகளில் குறிப்பிடப்படுவதில்லை. கோதுமை, சோயா, அரிசி ஆகியவற்றின் புரதம் கொண்டவற்றைத் தெரிவு செய்தால் இச்சந்தேகம் எழாது. புலால் உண்ணாத இந்துக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். மருதோன்றியின் நிறம் முடியினுள் ஊறுவதேயன்றி நீரைத் தடுக்கும் படலம் ஆவதில்லை. சிலிக்கோன் மிகுந்த பூச்சுகளின் நிலை சற்று வேறு. அவை குளிப்பு, வுழூ ஆகியவற்றைப் பாதிக்குமா என்பது உலமாக்கள் கூற வேண்டிய விடயம்.

சட்டத்தின் நிலையையும் நோக்க வேண்டும். எமது நாட்டில் 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் அழகுசாதனப் பொருட்களையும் மருந்துகளையும் ஒன்றாகவே உள்ளடக்கியிருந்தது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அது நீக்கப்பட்டு, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை நிறுவப்பட்டது. புதிய சட்டம் மருந்துகள், மருத்துவக் கருவிகள், இவற்றின் எல்லையில் நிற்கும் உற்பத்திகள் ஆகியவற்றையே முதன்மையாகக் கொண்டது. பழைய சட்டத்தின் பெயரிலேயே முதலிடம் பெற்றிருந்த அழகுசாதனப் பொருட்கள் புதியதன் தலைப்பில் இடம்பெறவில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கோ பொதிகளில் என்னென்ன விபரம் அச்சிடப்பட வேண்டும் எனப் பணிப்புரை விடுக்கும் தத்துவம் உண்டு. அத்தத்துவத்தைக் கொண்டு மருதோன்றிப் பொதிகளிலும் கூந்தல் பூச்சுகளிலும் மூன்று விபரங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடச் செய்யலாம். பி.பி.டி. கலந்துள்ளதா? சூடாக்கும் போது போமல்டிஹைட் வெளிவருமா? புரதம் எதிலிருந்து பெறப்பட்டது? கம்பனிகளுக்கு இதனால் ஏற்படும் செலவு ஒரு வரி மையின் செலவே.